கத்தி கைமாறும் நேரம்

அறுவை மருத்துவம் கற்க வருபவர் முதலில் கற்பது கை கழுவுவதை. இறுதியாண்டுத் தேர்வு முடிந்து, ஹவுஸ் சர்ஜனாக ஒரு சர்ஜரி யூனிட்டில் சேர்ந்த சில நாட்களிலேயே அது நடந்துவிடுகிறது. முழங்கையால் திறக்கும் குழாய். பழுப்பாய் நுரைக்கும் பெடாடின் அல்லது இளஞ்சிவப்பாய் வழியும் குளோரெக்சிடின். நகக்கண்ணில் தொடங்கி விரலிடுக்கு, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு என்று முழங்கைவரை சில நிமிடத் தேய்ப்பு. கழுவிய கையைத் தாழ்த்தக் கூடாது. நீர் முழங்கையிலிருந்து சொட்ட வேண்டுமே தவிர விரல்நுனிக்குத் திரும்பி ஓடக் கூடாது. தியேட்டர் கதவை முதுகால் தள்ளி உள்ளே போனவருக்கு மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளும் உரிமைகூட இல்லை. அங்கியின் நாடாவைப் பின்னாலிருந்து இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டும். கையுறை மாட்டும்போது விரல் அதன் வெளிப்புறத்தில் பட்டுவிட்டால் சிஸ்டர் ஒரு பார்வையில் திருப்பி அனுப்பிவிடுவார்; மறுபடி புதுக் கையுறை, சில சமயம் மறுபடி குழாயடி. வார்டில் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் இடையே உள்ள மேல்கீழ் இந்த அறையில் தலைகீழாவதை இளைஞர் அப்போதுதான் முதலில் பார்க்கிறார். அந்தக் கையுறைக்கே ஒரு பழைய கதை உண்டு. 1889ஐ ஒட்டி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், தன் தியேட்டர் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினியில் வெந்து புண்ணாவதைக் கண்டு, குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய உறைகள் செய்வித்தார். பிறகு அவரையே மணந்துகொண்டார். நோயாளியைக் கிருமியிலிருந்து காப்பது கையுறையின் வேலை என்பது பின்னால் வந்த ஞானம். வந்த புதிதில் அது காத்தது தியேட்டரில் வேலை செய்தவரின் தோலை.

கழுவிய கை உடனே கத்தி பிடித்துவிடுவதில்லை. பெரும்பாலான வயிற்று அறுவைகளில் சர்ஜன் நோயாளியின் வலப்பக்கம் நிற்கிறார். முதல் உதவியாளர் இடப்பக்கம். ஹவுஸ் சர்ஜனுக்குக் கிடைப்பது அந்த உதவியாளரின் தோளுக்கு அப்பால் ஒரு மூலை, கையில் ரிட்ராக்டர் எனும் வளைந்த எஃகுத் தகடு. ஈரலையோ வயிற்றுச் சுவரையோ அதனால் விலக்கிப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். எதற்காகப் பிடிக்கிறோமோ அது அவர் கண்ணுக்குத் தெரியாது. மற்றவர்கள் பார்ப்பதற்காக இவர் இழுக்கிறார். காட்டரி சுடும்போது எழும் கருகல் வாசனை முகமூடிக்குள் புகுந்து மத்தியானச் சாப்பாடு வரை கூடவே வரும். மயங்கிச் சரிகிறவர்களும் உண்டு. சுவரோரம் உட்காரவைத்துவிட்டு அறுவை தொடரும். அதை அவமானமாக நினைத்து வருடக்கணக்கில் சுமப்பவர் அவர் ஒருவர்தான். இந்தக் காலத்தில்தான் விடுதி அறையில் முடிச்சுப் பழகுவது நடக்கிறது. தியேட்டரில் மிஞ்சிய சில்க் நூல் ஜன்னல் கம்பியிலும் நாற்காலிக் கையிலும் வெள்ளைக் கோட்டின் பொத்தான் துளையிலும் வரிசை வரிசையாக முடியப்பட்டுத் தொங்கும். சுசுருத சங்கிதை இப்படிப் பழகுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது: கீறப் பழகப் பூசணியும் சுரையும் வெள்ளரியும், நாளத்தைத் துளைக்கத் தாமரைத் தண்டு, சலாகை விட்டுத் துழாவப் பூச்சி அரித்த மரம், தைக்கத் தடித்த துணியும் மெல்லிய தோலும். நூலெல்லாம் கற்றவனும் கை பழகாவிட்டால் தொழிலுக்கு லாயக்கற்றவன் என்பது அதன் கட்சி. அந்த அத்தியாயம் காய்களோடும் பொம்மைகளோடும் முடிந்துவிடுகிறது. காயிலிருந்து மனிதத் தோலுக்கு என்றைக்குத் தாண்டுவது, அந்த முதல் தோல் யாருடையது என்ற கேள்விக்குள் அது போவதில்லை.

நடைமுறையில் அந்தத் தாண்டல் ஒரு சீழ்க்கட்டியில் நடக்கிறது. அதில் பெரிதாகக் கெடுக்க ஒன்றுமில்லை என்பதால் அது புதியவருக்குத் தரப்படுகிறது. தோல் நினைத்ததைவிடத் தடித்தது. பயந்த கை போட்ட கோடு வெள்ளையாகவே நிற்கும். பக்கத்திலிருந்து ‘அழுத்துப்பா’ என்று குரல் வந்தபின் இரண்டாம் முறை போனால்தான் பிளவு விழும். பிறகு எம்.எஸ். பட்டமேற்படிப்பின் மூன்று ஆண்டுகளில் ஒரு படிவரிசை இருக்கிறது. எழுதிவைத்த விதி போல அது பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் எல்லா யூனிட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: தோலை மூடித் தைப்பது, கொழுப்புக்கட்டி, விரைவீக்கம், குடலிறக்கம், குடல்வால். அப்பெண்டிக்ஸைத் தனியாக எடுத்தவர் அன்றிரவு விடுதியில் பிரியாணி வாங்கித் தர வேண்டியிருக்கும். 1894இல் மெக்பர்னி விவரித்த முறையில், தசைகளை வெட்டாமல் அவற்றின் இழைபோகும் திசையிலேயே பிளந்து உள்ளே போகும்போது, அடுக்கடுக்காக வயிறு திறந்து கொடுக்கும் அந்த உணர்வைச் சர்ஜன்கள் முதுமையிலும் விரலை விரித்துக் காட்டிச் சொல்வதைக் கேட்கலாம். இந்த வரிசையின் உண்மையான மைல்கல் எந்த உறுப்பு என்பதைப் பொறுத்ததன்று. ஒருநாள் கை கழுவி வந்து வழக்கம்போல இடப்பக்கம் போய் நிற்பவரைப் பார்த்து, யூனிட் தலைவரான சீஃப் தலையசைத்து ‘இந்தப் பக்கம் வா’ என்பார். மேசையைச் சுற்றி நான்கைந்து எட்டு. சர்ஜனாகத் தங்களை எண்ணத் தொடங்கியது எப்போது என்று கேட்டால், பட்டமளிப்பு விழாவை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்த நான்கைந்து எட்டைச் சொல்கிறார்கள்.

விரைவீக்கமும் குடலிறக்கமும் பெரும்பாலும் ஸ்பைனல் ஊசியில் செய்யப்படுபவை. இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும். மேலே முழு விழிப்பு. நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணி ஒன்று திரையாகத் தொங்கும். திரைக்கு இந்தப் பக்கம் ஓர் இளைஞர் வாழ்நாளெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளப்போகும் முக்கால் மணி நேரம். அந்தப் பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார். மூட்டை தூக்கியோ மீன்பாடி வண்டி மிதித்தோ அடிவயிறு பலவீனப்பட்டு வந்தவராக இருக்கலாம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அதனாலேயே தியேட்டரில் ஒரு தனிப் பேச்சுமுறை உருவாகியிருக்கிறது. ‘தப்பு’ என்ற சொல் உச்சரிக்கப்படுவதில்லை. சீஃப் தொண்டையைக் கனைக்கிறார். தன் விரலால் இளைஞரின் விரலை அரை அங்குலம் நகர்த்துகிறார். கண்ணால் இடம் காட்டுகிறார். சொல்லியே ஆக வேண்டியதை ஆங்கிலத்தில், அதிலும் கலைச்சொல்லில் சொல்கிறார். விந்துக்குழாய் இருக்கும் இடத்துக்குக் கத்தரி கொஞ்சம் நெருங்கினால் மூவரின் கையும் ஒரே சமயத்தில் நின்றுவிடும். அந்த மௌனமும் திரைக்கு அப்பால் போகும். ‘முடிஞ்சுதா சார்?’ என்று குரல் கேட்கும். தலைமாட்டிலிருந்து மயக்க மருத்துவர் ‘இன்னும் கொஞ்ச நேரந்தான்யா, கண்ணை மூடிப் படுங்க’ என்பார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அந்த அறையில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தி, அதில் மிக அதிகமாகச் சம்பந்தப்பட்ட ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது. அவருக்கு நேர்ந்த தீங்கு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. சீஃப் கை எட்டும் தூரத்தில் நிற்கிறார். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், தையல் கொஞ்சம் கோணலாகும், பெரும்பாலும் அவ்வளவுதான். தீங்கில்லை என்ற பிறகும் விலகாத நெருடல் இது.

சட்டம் இதன் ஓரம்வரைதான் வருகிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஒப்புதல் என்பது குறிப்பானதாக இருக்க வேண்டும், பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலைச் சிகிச்சைக்கு நீட்ட முடியாது என்று வரையறுத்தது. என்ன செய்யப்போகிறோம், ஏன், ஆபத்து என்ன, மாற்று என்ன என்பதெல்லாம் சொல்லப்பட வேண்டும். செய்யப்போகும் கைக்கு இது எத்தனையாவது முறை என்பது வழக்கமான படிவத்தில் கேட்கப்படும் தகவலாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தி வைப்பதற்கு முன் அணியில் உள்ள ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. அந்த அறிமுகம் நடப்பது மயக்க மருந்து கொடுத்தபிறகு என்பதால், முழு மயக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்பதில்லை. பயிற்சி மருத்துவரின் லாக் புக்கிலோ எதிர்ப்புறமான ஒரு பதிவு இருக்கிறது: தேதி, வயது, பால், உள்நோயாளி எண், அறுவையின் பெயர், அதற்கு நேரே ‘உதவி செய்தது’, ‘மேற்பார்வையில் செய்தது’, ‘தனியாகச் செய்தது’ என்று ஏதாவது ஒன்று. சீஃபின் கையெழுத்தோடு அது தேர்வுவரை பாதுகாக்கப்படுகிறது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு காகிதம். முதல் முறை என்ற விவரம் ஒன்றில்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பாதுகாப்புப் பட்டியலை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய அதுல் கவாண்டே, இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த சர்ஜன். 2002இல் வெளியான தன் முதல் நூலில் இதே நெருடலை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தன் மகனின் இதய நோய்க்குத் தொடர் சிகிச்சை தேவைப்பட்டபோது, அக்கறையோடு பார்த்துக்கொண்ட பயிற்சி மருத்துவரை விட்டு மூத்த நிபுணரைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறார். ஊரான் பிள்ளைமேல் பழகிய கைதான் தன்னுடையதும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஹால்ஸ்டெட், பித்தப்பை அறுவை என்பதே அரிதாக இருந்த காலத்தில், சாகக் கிடந்த தன் தாயைச் சமையலறை மேசையில் கிடத்தி நடுராத்திரியில் தானே அறுத்தார், தாய் பிழைத்தார். இருவரில் யாரை மெச்சுவது என்று எளிதில் தீர்த்துவிட முடியாது. ஹால்ஸ்டெட்டுக்கு வேறு போக்கிடம் இல்லை; கவாண்டேவுக்கு இருந்தது. போக்கிடம் இருக்கும் எந்தத் தகப்பனும் கவாண்டே செய்ததைத்தான் செய்வார்; எல்லாருக்கும் போக்கிடம் இருந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் சர்ஜன் இருக்க மாட்டார்.

மூத்தவரிடம் போனால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கும் முழுக்க நிற்பதில்லை. துளைவழிப் பித்தப்பை அறுவை 1990இல் மும்பையில் டெஹெம்டன் உட்வாடியா மூலம் இந்தியாவுக்கு வந்தது. உலகமெங்கும் அந்த வருடங்களில் தலை நரைத்த சர்ஜன்கள் திடீரென்று மறுபடி மாணவர்களானார்கள். திறந்த அறுவையில் ஆயிரம் பித்தப்பை எடுத்த கை, திரையில் தெரியும் தட்டையான படத்தைப் பார்த்து, நீளக் கம்பியின் முனையைத் திருப்பப் பழக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தென்மாநில சர்ஜன்கள் 55 பேர் செய்த 8,839 அறுவைகளை ஆராய்ந்து 1995இல் வந்த கட்டுரை, பித்தநாளக் காயங்களில் 90 விழுக்காடு ஒவ்வொரு சர்ஜனின் முதல் 30 நோயாளிகளுக்குள் நேர்ந்தவை என்று கண்டது. முதல் நோயாளிக்கு அந்த ஆபத்து 1.7 விழுக்காடு, ஐம்பதாவது நோயாளிக்கு 0.17. பத்தில் ஒன்று. அந்த முதல் முப்பது பேரில் ஏழைகள் மட்டுமே இருந்திருக்க முடியாது. நகரத்தின் பெரிய பெயரைத் தேடி, பணம் கட்டி, ‘டாக்டரே நேரில் செய்வாரா’ என்று உறுதி கேட்டு வந்தவர்களும் புதிய கருவியின்முன் ஒருவருடைய ஏழாவது ஆளாகவோ பதினெட்டாவது ஆளாகவோ படுத்திருப்பார்கள்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை வியன்னா சர்ஜன் தியோடர் பில்ராத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மெயின் ரோடுகளும் கிராஸ் தெருக்களுமாக எண்ணிட்டுப் பிரித்த இந்தப் பேட்டையில் அந்தப் பெயர் ஆட்டோக்காரர்கள் வாயிலும் புழங்குகிறது. பெயருக்குரியவரோ இந்தக் கட்டுரையின் பொருளுக்கு எதிர்பாராத அளவு நெருக்கமானவர். 1881 ஜனவரி 29 அன்று புற்றுநோய் தாக்கிய இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் சர்ஜன் என்பது அவர் புகழ். நோயாளி தெரேசா ஹெல்லர் அதற்குப் பிறகு சில மாதங்கள் வாழ்ந்தார். அதைவிட நீண்டு நின்ற காரியம் வேறு: உதவியாளர்களை வருடக்கணக்கில் தன்னோடு வைத்து, படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டி, ஒரு நாள் தனியாக விடுவது என்ற முறையை அவர் தன் துறையில் நிலைநிறுத்தினார். 1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில் சுற்றிய ஹால்ஸ்டெட் வியன்னாவிலும் மற்ற ஜெர்மன்மொழி நகரங்களிலும் அதைப் பார்த்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நட்டார். அங்கிருந்து உலகெங்கும் பரவியதுதான் இன்றைய ரெசிடென்சி. இந்த முறை வேர்பிடித்த இடங்களெல்லாம் பெரிய பொது மருத்துவமனைகள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கட்டணம் கட்ட முடியாதவர்கள். சிகிச்சைக்கு ஈடாகக் கற்பவரின் கையை ஏற்பது என்ற ஒப்பந்தம் எழுதப்படாமலே செல்லுபடியானது.

சென்னையில் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு நிலவரைபடம் இருக்கிறது. 1664இல் கோட்டைக்குள் தொடங்கிய அரசு பொது மருத்துவமனை, 1835 முதல் இயங்கும் மருத்துவக் கல்லூரி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியோடு இணைந்து மயிலாப்பூருக்கு அருகே இயங்கும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து மீனவர் ஒருவருக்கு நடுராத்திரி வயிறு வலித்தால் போகும் இடமும் ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிக்காரர் போகும் இடமும் வேறுவேறு. ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். முன்னவரின் வயிற்றில் பழகிய கை பத்து வருடம் கழித்துப் பின்னவரின் வயிற்றைத் திறக்கிறது. இதை அப்படியே சுரண்டல் என்று எழுதிவிடவும் தயக்கமாக இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி யூனிட்டில் ஒரு கேஸை நான்கு பேர் பார்க்கிறார்கள், காலைச் சுற்றில் சீஃப் கேள்வி கேட்கிறார், தவறு நடந்தால் வாராந்தரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். அந்த மேற்பார்வை, தனியாக நடத்தப்படும் சின்ன நர்சிங் ஹோமில் கிடைக்காது. 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியைத் தனியார் தியேட்டர்களுக்கும் கொண்டுபோயிருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் டி.என்.பி. படிப்பு நடத்துகின்றன, அங்கே பயில்பவர்களின் குறை நேர் எதிரானது. நோயாளி கன்சல்டன்ட்டின் பெயருக்காக வந்தவர் என்பதால் கத்தி எளிதில் கைமாறுவதில்லை. மூன்று வருடம் மிக நல்ல அறுவைகளை மிக அருகிலிருந்து பார்த்தவர், தானே செய்த கணக்கில் அரசுக் கல்லூரித் தோழரைவிட மெலிந்து நிற்கிறார் என்பது அவர்களுக்குள் அடிக்கடி கேட்கும் புலம்பல்.

படிப்பு முடிந்தபின் வருவது தனி இரவு. மாவட்டத் தலைமை மருத்துவமனையோ தாலுகா ஆஸ்பத்திரியோ. இரைப்பைப் புண் ஓட்டையாகி, வயிறு பலகையாய் இறுகி ஒருவர் வருவார். எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் பிறைபோலக் காற்று. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்: 1937இல் கிரகாம் விவரித்தபடி ஓட்டையின்மேல் வயிற்றுக் கொழுப்புத் திரையின் ஒரு நுனியை வைத்துக் கட்ட வேண்டும். பயிற்சிக் காலத்தில் பலமுறை செய்ததுதான். ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவர் இப்போது இவரைவிட இளையவர். கனைத்துக் காட்ட யாரும் இல்லை. செல்போன் வந்தபின் இந்தத் தனிமை கொஞ்சம் நீர்த்திருக்கிறது. பழைய சீஃப் இரவு இரண்டு மணிக்கும் எடுத்துவிடுகிறார். ஒரு துறையையே தொடங்கியவர்களுக்கு அந்த வசதியும் இருந்ததில்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் மூளை அறுவை பயின்று திரும்பிய பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவைத் தொடங்கியபோது, ஐயம் தீர்த்துக்கொள்ள அவருக்கு நகரத்தில் மூத்தவர் கிடையாது. வேலூரில் ஜேக்கப் சாண்டி அதற்கு ஒரு வருடம் முன்புதான் தொடங்கியிருந்தார்.

மைல்கற்கள் நிலையானவையும் இல்லை. பில்ராத்தின் பெயரால் வழங்கும் இரு இரைப்பை அறுவைகளும், நரம்பை வெட்டும் வேகாட்டமியும் அதோடு குடலை இரைப்பையோடு இணைப்பதும் ஒரு காலத்தில் தென்னிந்திய யூனிட்டுகளின் அன்றாடச் சோறு. சிறுகுடல் முனைப் புண் இங்கே அவ்வளவு பரவியிருந்தது. அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் வந்தன. 1982இல் மார்ஷலும் வாரனும் ஒரு கிருமியைக் கண்டறிந்து அதற்காக 2005இல் நோபல் பெற்றார்கள். புண்ணுக்கான அறுவை ஏறத்தாழ ஓய்ந்தது. எண்பதுகளில் ஒரு பி.ஜி.யைச் சர்ஜனாக்கிய அறுவையை இன்றைய பி.ஜி. கண்ணால் பார்ப்பதே அபூர்வம். நோயாளிக்கு இதில் இழப்பில்லை, லாபந்தான். திறந்த பித்தப்பை அறுவையில்தான் சிக்கல்: துளைவழி முடியாமல் நடுவில் வயிற்றைத் திறக்க நேர்வது பெரும்பாலும் கடினமான கேஸ்களில்தான், அந்தக் கடினமான கேஸே இளையவருக்கு முதல் திறந்த அறுவையாக அமைந்துவிடுகிறது.

கடைசிப் படி கற்பிப்பது. ஒருமுறை பார், ஒருமுறை செய், ஒருமுறை சொல்லிக்கொடு என்று ஹால்ஸ்டெட்டின் பெயரால் புழங்கும் சூத்திரம் அதைச் சுலபமாகக் காட்டுகிறது. ஹால்ஸ்டெட் தன் ஆட்களை ஆறு வருடம் உதவியாளராகவும் இரண்டு வருடம், அங்கே மூத்த பொறுப்பாக இருந்த ஹவுஸ் சர்ஜனாகவும் வைத்திருந்தார் என்பதைச் சூத்திரம் சொல்பவர்கள் நினைப்பதில்லை. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குத் திரும்பி நிற்பது, முன்பு எதிர்த்திசையில் வைத்த எட்டுகளைவிடச் சிரமமானது என்று மூத்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். தான் எட்டு நிமிடத்தில் முடிப்பதை இன்னொருவர் இருபது நிமிடமாகத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டு ரிட்ராக்டர் பிடிக்க வேண்டும். எப்போது விடுவது, எப்போது கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்பதைச் சொல்லும் பாடப்புத்தகம் இல்லை. சீக்கிரம் வாங்கினால் எதிரே நிற்பவர் கற்பதில்லை, தாமதித்தால் நடுவில் கிடப்பவருக்கு இழப்பு. அபூர்வமாகச் சிலர், முந்தின நாள் மாலைச் சுற்றிலேயே இளையவரைக் கட்டிலருகே நிறுத்தி, ‘ஐயா, நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன் பண்றது இவர்தான், நான் கூடவே நிப்பேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம் என்று மறுப்பவர் உண்டு. அப்போது அட்டவணையில் பெயரை மாற்றி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். சரி என்பவர்கள், வழக்கமாக, அந்த இளையவரிடம் ஊர், வயது, கல்யாணம் ஆயிற்றா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.